ஓலை கூறாத மருமகன்

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் ஆண் கலியாணம் கட்டினால் பெண்ணின் ஊருக்குப் போய்விட வேண்டும். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதப்படும். ஆண் ஒரு பெட்டியோடு வந்து இறங்குவான். பெட்டிக்குள் சட்டை இருக்கும், படித்த சான்றிதழ் இருக்கும், தாய் வைத்துவிட்ட மாதா படம் இருக்கும். தொண்டை மட்டும் பெட்டிக்குள் அடங்காது. நேற்றுவரை எந்த ஊர் தோற்க வேண்டும் என்று கத்தியதோ, அந்த ஊர் வெல்ல வேண்டும் என்று அந்தத் தொண்டை இனிக் கத்த வேண்டும். இதைக் கலியாணத்துக்கு முன் யாரும் எடுப்பதில்லை. நகை பேசுவார்கள், சீதனம் பேசுவார்கள், உதைபந்தாட்டம் பேசமாட்டார்கள்.

நான் உயிலங்குளத்தில் பிறந்தவன். அரிவு வெட்டிய வயலில், நெல்தாள் காலைக் குத்தக் குத்த, பந்தடித்து வளர்ந்தவன். கடற்கரை ஊரான கீரியில் பெண் எடுத்து இருபத்திரண்டு வருடமாகிறது. எங்கள் ஊர்களின் சுற்றுப்போட்டியில் ஒரு பழைய விதி உண்டு: ஒரு ஊருக்கு விளையாடுகிறவன் ஒன்றில் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வாசலால்தான் நான் கீரியின் அணிக்குள் நுழைந்தேன். நாலு வருடம் இடதுபக்கப் பின்வரிசையில் விளையாடினேன். முழங்கால் போனது. மிச்சப் பதினெட்டு வருடமும் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறேன்.

கத்துகிறவனுக்கும் ஒரு விதி இருக்கிறது என்பது தெரிய இத்தனை காலம் பிடித்தது.

கீரி மைதானத்தில் கடல்பக்கம் ஊராருக்கு, றோட்டுப்பக்கம் வந்தவர்களுக்கு. கடல்பக்கம் எல்லாரும் மணலில்தான் இருப்பார்கள். ஒருவன் முதுகில் ஒருவன் சாய்ந்திருப்பான், ஒருவன் தலையில் ஒருவன் தட்டுவான். "எருமை, நீ விட்ட பந்துக்குத்தானடா போன வருசம் தோத்தது" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் அவனுடைய பரம்பரையையே இழுத்துக் கடலில் போடுவான். நான் போனால் பேச்சு அடங்கும். "டேய், அத்தானுக்கு ஒரு கதிரை எடுத்துக் குடு." பிளாஸ்டிக் கதிரை ஒன்று தலைகளுக்கு மேலாக மிதந்து வரும். அதில் ஏறி இருந்தால், மணலில் இருக்கிற ஊரைவிட ஒன்றரை அடி உயரத்தில், தனியாக, திருநாளுக்கு வந்த பிரதம விருந்தினர்போல இருப்பேன். ஒரு பாஸ் பிழை என்று சொன்னால் எதிர்த்துக் கதைக்கமாட்டார்கள். "ஓம் அத்தான், ஓம்." வென்றால் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன அத்தான், எங்கட பொடியள் எப்பிடி?" என்பார்கள். விருந்தாளியிடம் கறி எப்படி என்று கேட்கிற அதே குரல்.

அந்த "எங்கட" இருக்கிறதே, அது என் கதிரையின் காலடிவரைக்கும் வந்து, அலைபோலத் திரும்பிப் போய்விடும்.

போன வருடம் என் மச்சான் ஒரு காரியம் செய்தான். மனைவியின் தம்பி, ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். கோல் அடிக்க ஆளில்லை என்று நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து ஒருவனை இறக்கினான். இறக்குவது என்றுதான் எங்கள் பக்கம் சொல்வது, வள்ளத்திலிருந்து மீன் இறக்குவதுபோல. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. அதுதான் அவனுக்குத் தொழில். எந்த ஊர் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். விதி என்ன ஆவது? போட்டிக் குழுவினர் கேட்டபோது மச்சான் கண் வெட்டாமல் சொன்னானாம்: "எங்கட ஊரில அவருக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. ஓலை கூறத்தான் இருக்கு."

கோயிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சுவாமியார் வாசிக்கிறாரே, அந்த ஓலை. பெண் யாரென்று குழுவும் கேட்கவில்லை, மச்சானும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே ஊர் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டது. மருமோன். கிழவர்களுக்கும் மருமோன், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் மருமோன். "மருமோனே, அடி!" என்று கடல்பக்கம் முழுக்க எழும்பிக் கத்தும். நானும் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன். அவன் அடித்தான். இரண்டு கிழமையில் ஊர் அவனை மணலில் இருத்தி, முதுகில் குத்தி, மீன்குழம்பு போதாதென்று அவன் சொன்னபோது "பேய்ப் பொடியன், விளையாட வந்தியோ திங்க வந்தியோ?" என்று பேசி, தன்னுடையவனாக்கிக்கொண்டது. பேசுவது என்றால் எங்கள் பக்கம் ஏசுவது. அதைவிடப் பெரிய ஞானஸ்நானம் கீரியில் கிடையாது.

எனக்குக் கிடைக்கவில்லை. ஓலை கூறி, தாலி கட்டி, இரண்டு பிள்ளைகளுக்கு இதே கோயிலில் தண்ணீர் ஊற்றுவித்தவன் நான். அத்தானுக்குக் கதிரை; ஓலை கூறாத மருமகனுக்கு மணல்.

தொலைக்காட்சியில் பார்க்கிற பெரிய ஆட்டக்காரர்களையும் யோசித்துப் பார்க்கிறேன். இந்த வருடம் ஒரு நிறம், அடுத்த வருடம் இன்னொரு நிறம். சட்டையின் நெஞ்சிலுள்ள சின்னத்துக்கு முத்தம் கொடுத்த வாய் காய முன்னமே, மற்றச் சட்டையோடு நின்று சிரிக்கிற படம் வருகிறது. அப்படி மாறுகிறவனில் எனக்குக் கோபமில்லை. கால் இருக்கும்வரை உழைக்க வந்தவன். எனக்கு எரிச்சல் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களில்தான். எங்களை யாரும் வாங்குவதில்லை, விற்பதில்லை, எங்களுக்கு ஒப்பந்தம் முடிகிற நாள் என்று ஒன்று இல்லை. என் மூத்தவன் கடல் தாண்டி எங்கோ கிடக்கிற ஒரு கழகம் தோற்றால் சாப்பிடாமல் படுக்கிறான். அந்தக் கழகத்துக்குக் கீரி என்று ஒரு இடம் இருப்பதே தெரியாது. "ஏனடா?" என்று கேட்டால், "எங்கட ரீம், அப்பா" என்கிறான். அவனுக்கு எவ்வளவு சுகமாக அந்தச் சொல் வருகிறது.

இந்த வருடம் அரையிறுதியில் கீரியும் உயிலங்குளமும் எதிரெதிராக விழுந்தன. இடம் கீரி மைதானம்.

சனிக்கிழமை என் அண்ணன் போன் எடுத்தார். உயிலங்குளத்தில் வயல் செய்கிறவர், ஊர் அணிக்குப் பெரிய தலை.

"நாளைக்கு ரெண்டு உழவு மெஷினில சனம் வருது. தண்ணி வசதி இருக்கோ அங்க?"

"இருக்கு அண்ணை. நீங்களும் வாறியளோ?"

"வராமல்? நீ எங்க நிக்கிறாய்?"

"நான் கடல்பக்கம்."

"ஓமோம், நீ அவையளோட நிக்கிறதுதான் மரியாதை. எங்கட பக்கம் வந்தாலும் பொடியளுக்கு உன்னை ஆரெண்டு தெரியாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகும் அது காதில் மணல்போலக் கிடந்தது.

ஞாயிறு பின்னேரம் மைதானத்துக்குப் போகிற வழியில் மச்சான் மறித்தான். "அத்தான், இண்டைக்கு நீங்கள் விரும்பினால் றோட்டுப்பக்கம் போகலாம். நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம். பெத்த ஊர்தானே."

"ஏன் மச்சான், நான் எந்த ஊர்?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லேல்ல. உங்களுக்குச் சங்கடமாயிருக்கும் எண்டு..."

"எனக்கொரு சங்கடமும் இல்லை. கீரி வெல்லவேணும்."

"சரி சரி. டேய், அத்தானுக்கு ஒரு கதிரை!"

அப்போது உயிலங்குளத்து அணி மைதானத்துக்குள் ஓடி வந்தது. முன்னால் ஓடி வந்தவனைப் பார்த்துக் கடல்பக்கம் முழுக்க மணலை விட்டு எழும்பியது. மருமோன். உயிலங்குளத்துச் சட்டையில்.

"என்னண்டு விட்டவங்கள்?" என்று மச்சான் போட்டிக் குழுவிடம் ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னவாம்?"

"அங்க கலியாணம் பேசி முடிஞ்சுதாம். ஓலை கூறத்தான் இருக்காம்."

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சோளகக் காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. இரண்டு கழுதைகள் மூலைக்கொடியடியில் நின்று அசையமாட்டோம் என்றன. அவற்றைத் துரத்திய பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. நான் கதிரையில் இருக்கவில்லை. கோட்டோரம் நின்றேன். என் உடம்பு முழுக்க ஒரு பிடிவாதம். இன்றைக்கு நான் கத்துகிற கத்தில், பிறந்த ஊரை எதிர்த்து, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கக் கத்துகிற கத்தில், இந்தக் கடல்பக்கம் என்னைத் தன் ஆள் என்று ஒருமுறையாவது எண்ண வேண்டும். "கீரி! கீரி!" தொண்டை கிழிந்தது. என்னைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். அத்தான் களைத்துவிடப் போகிறாரே என்கிற பார்வை.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. எங்கள் பின்வரிசை வழுக்கியது. பந்து துள்ளி, மருமோனின் காலடியில் வந்து விழுந்தது. முன்னால் எங்கள் பந்துக்காப்பாளன் ஒருவன்தான். போன வருடம் முழுக்க நான் கண்ட காட்சி. அதே சாய்வு, அதே வலது கால். கண் கண்டது, மூளைக்குச் சொல்லி அனுப்ப முன்னம் தொண்டை வேலையைச் செய்துவிட்டது.

"மருமோனே, அடி!"

கடல்பக்கத்தில் அந்த நேரம் ஒரு சத்தமும் இல்லை. என் குரல் மட்டும் தனியாகப் போனது. அவன் அடித்தான். வலை மூலையில் போய்ப் பந்து தூங்கியது. றோட்டுப்பக்கம் மெஷின்களில் ஏறி நின்ற சனம் கூத்தாடியது.

அதோடு ஆட்டம் முடிந்தது. கீரி தோற்றது.

விசில் ஊதியதும் கடல்பக்கம் எழும்பிப் போய் மருமோனைச் சுற்றிக்கொண்டது. "துரோகி!" "நண்டுக்கால் திண்ட வாயடா அது!" "எங்கட சோத்தைத் திண்டுபோட்டு எங்களுக்கே அடிச்சியோ, நாயே!" ஒருவன் அவன் பிடரியில் தட்டினான். அவன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே வாங்கினான். அவனைப் பேசினவர்களில் பாதிப் பேருக்குக் கண் கலங்கியிருந்தது. தன் ஆள் என்று நினைத்தவனைத்தான் இப்படித் துரோகி என்று கூப்பிட முடியும். எனக்கு அது அப்போதுதான் நெஞ்சில் அடித்தது.

அவர்களை விலக்கிக்கொண்டு அவன் நேராக என்னிடம் வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்கச் சொன்னான்: "அண்ணே, ஒங்க சத்தம் கேட்டுத்தான் அடிச்சேன். ரொம்ப நன்றி."

இனி என் தலையில் இடி விழும் என்று நின்றேன். நூறு பேர் என்னையே பார்த்தார்கள். மச்சான் கிட்ட வந்தான். வா, பேசு, பிடரியில் தட்டு.

"பரவாயில்லை அத்தான்" என்றான். "உங்கட ஊர்தானே வெண்டது. சந்தோசப்படுங்கோ."

பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவன் என் தோளில் கை வைத்து, பூவைத் தடவுவதுபோலத் தடவினான்.

"என்னையும் பேசுங்கோடா!" என்று கத்தினேன். "நான் செய்தது துரோகமில்லையோ? அவனுக்கு மட்டும்தானோ பேச்சு? இருபத்திரண்டு வருசமடா!"

மச்சான் பதறிப்போனான். "அத்தான், அத்தான், இருங்கோ. பிறசர் கூடிப்போம். டேய், தண்ணி கொண்டாங்கோடா!"

பெண்கள் நிற்கிற மதிலடியிலிருந்து மனைவி வந்தாள். ஒரு சொல் இல்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினாள். மைதானம் கண்ணுக்கு மறைந்ததும் முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"ஆர் உங்களுக்கு மருமோன்? பெத்தது ரெண்டும் பொடியள்! ஊர் முழுக்கப் பாக்க, வாயைத் திறந்தியளே, வெக்கமில்லையோ உங்களுக்கு? என்ர தம்பிக்கு நாளைக்குக் கழகத்தில என்ன முகம்? எங்கட பொடியள் ரெண்டு மாசமா வெயிலுக்க ஓடினவங்கள்..."

நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் பேசப் பேச இன்னும் குறைத்தேன். சைக்கிளில் போன ஒரு சின்னப் பெட்டைகூட எங்களை முந்திக்கொண்டு போனாள்.

"ஏன் ஊர்றியள்?"

"காத்து எதிர்க்குது" என்றேன். காற்று முதுகுப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அவள் தொடர்ந்தாள். என் வாயை, என் மூளையை, என் முழங்காலை, நான் கதிரையை விட்டு எழும்பியதை, ஒன்றையும் மிச்சம் விடவில்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பட்டது. எங்கள் வீட்டுப் படலையடியில் நிறுத்தினேன். இறங்கிச் சேலையை உதறினாள். என் முகத்தைப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது.

"சரி, விடுங்கோ" என்றாள். "உங்கட ஊர்தானே வெண்டது."

படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நான் என்ஜினை நிறுத்தவில்லை.