அமெரிக்காவிலிருந்து ஒரு பை மண்

போன மாதம் எங்கள் ஊர் ஆரையம்பதிக்கு ஒரு துணிப்பை மண் வந்தது — அமெரிக்காவிலிருந்து.

மண் என்றா சொன்னேன்? என் தங்கையின் ஒரே மகன் என்று சொல்ல வேண்டும்.

அவன் வாழ்ந்த மாநிலத்தின் சட்டசபை சில வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கலாம்... விரும்பினால் மரச்சீவலும் வைக்கோலும் போட்டு ஒரு பெட்டிக்குள் மூடி, உடலை மண்ணாகவும் ஆக்கலாம். அவன் மாரடைப்பில் போனபோது அவன் மனைவி, தங்கையின் மருமகள், முதலில் எனக்குத்தான் போன் எடுத்தாள். அவளுக்கு இந்த மூன்றாவது வழி பிடித்திருந்தது. நான் சம்மதித்தால்தான் செய்வேன் என்றாள்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் கழித்தவன் நான். சட்டத்தைத் தேடி வாசித்தேன். சபை விவாதத்தின் வீடியோவையும் பார்த்தேன். செலவு பற்றிப் பேசினார்கள், மண்ணின் சுத்தம் பற்றிப் பேசினார்கள். இறந்தவனின் தாய் வேறொரு நாட்டில் இருந்தால்? யாரும் கேட்கவில்லை. அவர்களை விடுங்கள்... நான் கேட்டேனா?

ஓம் என்று சொல்லிவிட்டேன். பிரேதம் வந்து இறங்கினால் தங்கை அழுவதைப் பக்கத்து வீட்டிலிருந்து நான் கேட்க வேண்டும். அதற்குப் பயந்தேன். அவளிடம் சொன்னது அதைவிட மோசம்.

"அந்த நாட்டுச் சட்டம் அப்படித்தான் புள்ள. வேற வழியில்ல."

நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள்.

மருமகள் வந்து பையை நீட்டியதும் தங்கை உள்ளே கையை விட்டாள். ஈரமாக இருக்கிறது என்றாள். பிறகு பையைத் தூக்கிப் பார்த்தாள். ஆறடிப் பிள்ளை அல்லவா?

"மிச்சப் புள்ள எங்க?"

ஒரு காட்டுக்குக் கொடுத்துவிட்டதாக மருமகள் மெல்லச் சொன்னாள். அங்கே அது வழக்கமாம். மரங்களுக்கு நல்லதாம்.

எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். ஆனால் மண்ணை மண்ணுக்குள் எப்படிப் புதைப்பது? மயானத்துக்குக் கொண்டுபோகத் தங்கை சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவனை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்டு, முற்றத்து மூலையில் தன் கையாலேயே கொட்டினாள்.

எங்கள் மணல் வெள்ளை. வந்தது கறுப்பு. சாய்ந்த வெயிலில் பார்த்தால் யாரோ குப்புறப் படுத்திருப்பது போல இருக்கும்.

அதன் பிறகு அவள் முற்றம் கூட்டுவதில்லை. கோழிகளையும் அடைத்துவிட்டாள். காலையில் எழுந்ததும் அந்தச் சட்டசபையைத் திட்டுவாள் — ஒருவர் விடாமல், குலம் கோத்திரத்தோடு. வேலிக்கு இந்தப் பக்கம் நான் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். தூரத்துச் சட்டம் எவ்வளவு வசதி, பார்த்தீர்களா? யார் பழியையும் சுமக்கும்... திரும்பி ஒரு வார்த்தை பேசாது.

பிறகு மாரி மழை தொடங்கியது.

கறுப்பு மண் கரைந்து, மெல்லிய தடமாக வேலிக்குக் கீழே நுழைந்தது. பள்ளம் என் பக்கம்தான். மழைத்தண்ணீர் எப்போதும் இப்படித்தான் வரும். ஆனால் கிணற்றடியில் திரும்பி ஒழுங்கை வழியே தெருவுக்கு ஓடிவிடும். இந்த முறை திரும்பவில்லை. என் வாசலை நோக்கி நேரே வந்தது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தேன். படியில் ஒரு கைப்பிடி கறுப்பு மண். குனிந்து தொட்டேன். இரவெல்லாம் மழை, வெயில் இன்னும் ஏறவில்லை — மண் சூடாக இருந்தது.

காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல.

அப்படியே போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முழுப் பிள்ளையையும் கொண்டுவந்து புதைத்திருக்கலாம். மண்ணாக்க ஓம் சொன்னது நான்தான்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. வேலியைத் தாண்டிப் போன தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு, அண்ணன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

இந்த வாரம் முழுவதும் நானும் வாசல் கூட்டவில்லை.