ஒன்பது இஞ்ச் சுவரில் ஒரு ஓட்டை

ஆரணியில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து, உள்ளே நடந்துபோவது போலச் சுற்றிக் காட்டுவது என் வேலை. தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க அடுத்தவர் சமையலறைக்குள் திரிந்துகொண்டிருப்பேன். சுவரில் மாடம் கேட்பவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தூசி அடையத்தான் அது லாயக்கு.

பட்டுப் புடவை வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி இருவர், பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்ட வந்தார்கள். நடுவில் ஒரே பொதுச் சுவர். இருவர் மனைவிகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை. அது என்றைக்காவது சரியாகிவிடும் என்ற நப்பாசை அண்ணனுக்கு மட்டும் இருந்தது. "ஒரே அடுப்புல ஆக்கித் தின்னுகினு இருந்தவங்கம்மா நாங்க" என்று வரும்போதெல்லாம் சொல்வார்.

நான் ஒரு வீட்டை வரைந்து, அதையே கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி மறுபக்கம் வைத்தேன். சோம்பேறித்தனம்தான். ஆனால் தனக்குக் குறைச்சல் என்று இருவரில் யாரும் சண்டைக்கு வர முடியாது. பொதுச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. அண்ணன் மனைவி ஒருநாள் வந்து, உப்பும் எண்ணெயும் வைக்க அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து இஞ்ச் ஆழத்துக்கு மாடம் கேட்டார். இன்னொரு நாள் தம்பி மனைவி வந்து அதே இடத்தில் அதையே கேட்டார். யோசிக்காமல் அவர் பக்கமும் வெட்டினேன். சுவரே ஒன்பது இஞ்ச். சாஃப்ட்வேருக்கு என்ன வந்தது, சொன்னபடி வெட்டித் தள்ளிவிட்டது. ஒரு சமையலறையில் நின்று பார்த்தால் அடுத்த வீட்டு அடுப்பு தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு வந்த அண்ணன் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இப்டியே இருக்கட்டும்மா. கொழம்பு கிழம்பு குடுத்து வாங்கிக்கத் தோதா இருக்கும்" என்றார். மறுநாளே எல்லோரையும் கூட்டிவந்துவிட்டார்.

அண்ணன் மனைவி திரையைப் பார்த்தார். "இன்னா மேடம் இது, பேஜாரா கீது. எனக்கு மாடமே வாணாம். அங்க ஒரு பில்லர் வச்சிடுங்க" என்றார்.

தம்பி மனைவி அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம், "எனக்கும் வாணாங்க. பில்லரே போட்டுடுங்க" என்றார். பல வருஷங்களில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"அங்க பில்லர் தேவைப்படுதாம்மா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"பாரம் தாங்கறதுக்கு அங்க தேவையில்லீங்க" என்றேன். உண்மையும் அதுதான்.

"தேவையில்லன்னாலும் இருக்கட்டும்" என்றார் அவர் மனைவி. தம்பி போனை நோண்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையாட்டினார்.

இரண்டு மாடங்களையும் அழித்துவிட்டு பில்லரை வைத்தேன். அது சுவரோடு ஒட்டிக்கொண்டது. மேலே பூச்சும் தானாக மூடிக்கொண்டது. அங்கே ஏதோ இருந்ததென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

எல்லோரும் இறங்கிப் போனபின் அண்ணன் மட்டும் திரும்ப மாடியேறி வந்தார். ஓட்டை இருந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். பில்லரை எடுத்துவிட்டு, இரண்டு மாடங்களையும் திரும்பக் கொண்டுவந்து, படம் பிடித்து அனுப்பினேன். வந்துவிட்டதா என்று போனைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

"சரி, இப்ப பில்லரைப் போட்டுடும்மா" என்றார்.