மூன்று ஆண்களின் படமும் ஹெட்விக்கின் வைனும்

நான் போய்வந்த திராட்சைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் வைன் செய்தவர் ஒரு பெண். பாட்டிலில் இருப்பதோ அவருடைய அண்ணன் பெயர். இது திருட்டு. இனி பயணத்துக்கு வருகிறேன்.

2007 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியில், வால்டோர்ஃபில் எங்கள் ப்ராஜெக்ட் நான்காவது முறையாகத் தள்ளிப்போயிருந்தது. வீட்டில் இருந்தால் அதைப் பற்றியே பேச்சு. அலுவலக கேன்டீனில் கிடைத்த ஒரு திராட்சைத் தோட்டத்தின் விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். "பொம்பளைப் பிள்ளை தனியாக வைன் குடிக்கப் போனாளா?" என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு: ஆமாம். மூன்று கிளாஸ்.

வால்டோர்ஃப் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. பஸ்ஸில் 3 கிலோமீட்டர். காலை 8.10க்கு ரயில் ஏறி, ஹைடல்பெர்க்கில் மாறி, 9.35க்கு நொய்ஸ்டாட்டில் இறங்கினேன். ஒருநாள் டிக்கெட் 13 யூரோ. அங்கிருந்து தெற்கே 4 கிலோமீட்டர். சனிக்கிழமை பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பதால் நடந்தேன், ஐம்பது நிமிடம். இரண்டு பக்கமும் மஞ்சளாகிக்கொண்டிருந்த கொடிகள். குனிந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் போலிஷ் பேசினார்கள். ஜெர்மன் வைனுக்குப் பழம் வெட்டுவது யார் என்று என் கையிலிருந்த தாளில் ஒரு வரிகூட இல்லை.

சுற்றிப் பார்க்க 12 யூரோ, மூன்று கிளாஸ் சேர்த்து. இப்போதைய முதலாளி டீட்டர்தான் அழைத்துப் போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல பேச்சு. சுவரில் மூன்று படங்கள்: அவர் தாத்தா, அவர் அப்பா வெர்னர், அவர். "ஊரே சர்க்கரைத் தண்ணீர் மாதிரி வைன் விற்ற காலத்தில், இனிப்பில்லாத ரீஸ்லிங்கைத் துணிந்து செய்தது எங்கள் வீடு" என்றார். ரீஸ்லிங் என்பது இங்கே விளையும் வெள்ளைத் திராட்சை. வைன் நன்றாகவே இருந்தது. பச்சை ஆப்பிளைக் கடித்தது போல சுள்ளென்று ஒரு புளிப்பு.

அங்கேதான் நான் அசடு வழிந்தேன். கூடத்து மூலையில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் இப்படி வேலை வாங்குகிறார்களே என்று தமிழில் முணுமுணுத்தபடி, அவர் பக்கத்துத் தட்டில் இரண்டு யூரோ வைத்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்காரிக்கே சந்தோசம் குடுக்கிறியளோ?"

பெட்டி சுமந்து வந்தவர் தமிழர். பெயர் சூசை. மன்னார்க்காரர், அகதியாக வந்து பதினேழு வருடமாக இங்கே வைன் பீப்பாய்கள் வைக்கும் நிலவறையில் வேலை.

"உங்கட இந்தியாக் கொம்பியூட்டர் மூளைக்கு இது விளங்கேல்லையோ? இப்ப குடிச்சியளே, உந்த மாதிரி வைனை இஞ்ச முதல் செய்தவா இவாதான். ஹெட்விக். வெர்னரிட தங்கச்சி."

"அப்போ செவத்துல இவங்க போட்டோ ஏன் இல்ல அண்ணா?"

"அதை அவாட்டையே கேளுங்கோ. நான் சொல்ல ஏலாது, எனக்கு வேலை வேணும்."

ஹெட்விக் நாணயத்தை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டு, வட்டார ஜெர்மனில் ஏதோ சொன்னார். அலுவலகத்தில் படித்த என் ஜெர்மன் அதற்குப் போதவில்லை.

சூசை அண்ணா மொழிபெயர்த்தார். "'கிளாஸ் கழுவினதுக்கு ரெண்டு யூரோ, வைன் செய்ததுக்கு என்ன?' எண்டு கேக்கிறா."

இருவரும் என்னை நிலவறைக்கு அழைத்துப் போனார்கள். இருபத்தாறு படிகள், சுவரில் ஈரம். ஹெட்விக் சொல்லச் சொல்ல, சூசை அண்ணா தமிழில் சொன்னார். சாறு நுரைத்துக்கொண்டிருக்கும் நாட்களில் பெண்கள் இங்கே இறங்கக் கூடாது, இறங்கினால் வைன் கெட்டுவிடும் என்பது ஹெட்விக்கின் அப்பா போட்ட சட்டம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் நான் ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. ஐரோப்பாவில் அறிவு முற்றிவிட்டது என்று சொல்கிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹெட்விக்குக்குப் பத்தொன்பது வயதானபோது, அறுவடை நேரத்தில் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வெர்னருக்கு நிலவறை என்றாலே பயம். நுரைக்கும் சாற்றிலிருந்து வரும் வாயு தரையோடு தங்கி ஆளைக் கொன்றுவிடும். அதனால் மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்தபடி இறங்குவார்கள். சுடர் அணைந்தால் ஓட வேண்டும். ஹெட்விக் மெழுகுவர்த்தியோடு இறங்கினார். வைன் கெடவில்லை. சில வருடம் கழித்து இனிப்பில்லாத ரீஸ்லிங்கைச் செய்தபோது வியாபாரிகள் அவர் முன்னாலேயே துப்பினார்கள். பிறகு அதற்கே பரிசுகள் வந்தன. மேடையேறி வாங்கியவர் வெர்னர்.

ஒவ்வொரு பீப்பாயின் முகப்பிலும் சாக்பீஸால் பழத்தின் பெயர், வெட்டிய நாள், பொறுப்பாளர் பெயர். எழுத்து அழிந்தும் அழியாமலும் இருந்த பழைய பீப்பாய்களில் எல்லாம் ஹெட்விக்.

"பழுதாப் போனா ஆரை ஏசுறதெண்டு தெரியவேணுமே" என்று சிரித்தார் சூசை அண்ணா. "பழுதானா ஹெட்விக். பரிசெண்டா வெர்னர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நூறாவது வருசத்துக்குப் புது லேபிள் திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. தன்ர பேரையும் போடச் சொல்லி ஒரு மாசமாக் கேக்கிறா. இடமில்லையாம்."

போக நினைக்கிறவர்களுக்கு: செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை நல்ல காலம். நிலவறைக்கு ஸ்வெட்டர் வேண்டும். சாப்பாடு கிடையாது, கையில் எடுத்துப் போங்கள். திரும்பி வர மணிக்கொரு ரயில். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். அவர் பெயரைப் போடாதவர்களுக்கு நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்? நொய்ஸ்டாட்டுக்குத் தெற்கே, பச்சைக் கதவு. கிளாஸ் கழுவுகிறவரிடம் கேளுங்கள், முதலாளியிடம் கேட்காதீர்கள். என்னைப் போல நாணயம் நீட்டாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு பாட்டில் வாங்க வரிசையில் நின்றேன், 8 யூரோ 50. டீட்டரின் மேசையில் புது லேபிளின் மாதிரி கிடந்தது. மேலே மூன்று பெயர்கள். கீழ்ப்பாதி முழுக்க வெறும் வெள்ளை.

ஹெட்விக் ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தார். சூசை அண்ணா நிலவறைப் படியிலேயே நின்றுவிட்டார். ஹெட்விக் ஒரு துண்டு சாக்பீஸை அந்த வெள்ளையின் மேல் வைத்தார்.

"எழுது." இந்த ஜெர்மன் எனக்கே புரிந்தது.

டீட்டர் சாக்பீஸை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார். என் பாட்டிலைத் தாளில் சுற்றினார். பை வேண்டுமா என்று என்னிடம் கேட்டார்.

ஹெட்விக் சாக்பீஸை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"என் பெயரை எழுது, டீட்டர்."