மணல் ஆற்றுக்காரர்கள்

என் கணவருக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை. பயிற்சிக்காக ஒரு வருடம் அவரை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பியபோது, நானும் ஆறு வயது மகள் சுமதியும் கூடப் போனோம்.

கோடை ஞாயிறுகளில் அங்கே யாரும் வீட்டில் இருப்பதில்லை. கணவரோடு வேலை பார்த்தவரின் மனைவி ஹெல்கா எங்களை ஏரிக்கு அழைத்துப் போனார். நான் புல்லில் போர்வை விரித்துப் புளிச்சோற்றைப் பிரித்தேன். சுமதி தண்ணீரில் காலை நனைத்தாள். பாலாற்றில் ஓடி விளையாடிய பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன். எங்கள் ஆற்றில் கோடையில் வெறும் மணல்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

நிமிர்ந்தால் அவள் தலை தெரியவில்லை. நான் அலறினேன். கணவர் ஓடிப்போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டார். எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது. ஹெல்காதான் பாய்ந்து அவளைத் தூக்கிவந்தார்.

குழந்தையைத் துவட்டிக்கொண்டே, “உங்க ஊர்ல ஆறு இருக்குன்னு சொன்னீங்களே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆறு இருக்குது. தண்ணிதான் இல்ல” என்றார் என் கணவர்.

ஊர் திரும்பியதும் சுமதியை மாதனூரில் என் அண்ணனின் கிணற்றுக்கு அழைத்துப் போனேன். “அதுக்கு மட்டும் கத்துக்குடுத்தா போதுமா? நீயும் எறங்கு” என்றார் அண்ணன். இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார். இப்போது லீவு விட்டால் எங்களுக்குக் கிணறுதான். சுமதி எப்போதோ கயிற்றை அவிழ்த்துவிட்டாள். நான் போன வாரம் அவிழ்த்தேன். என் கணவர் மட்டும் இன்னும் கிணற்றுப்படியில் உட்கார்ந்து எங்கள் துணிமணிக்குக் காவல் இருக்கிறார்.