சொந்தப் பெயரே புனைபெயரான கதை

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதியவள் ஒருத்தி, பொன்னாடை போர்த்திக்கொண்டவர் இன்னொருவர்.

1977-இல் துபாய் கராமாவில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தவள் ஷியாமளா. திருச்சியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் கல்யாணசுந்தரம் ஜெபல் அலி துறைமுக வேலையில் இன்ஜினியர். அவர் டியூட்டிக்குக் கிளம்பியதும் சாப்பாட்டு மேசையில் எழுத உட்காருவாள். எழுதியதை முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவாள்.

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் இருக்கும், எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியைப் பற்றிய அவள் கதை சென்னைப் பத்திரிகையில் வந்தது. மேலே ‘ஷியாமளா’ என்று அவள் சொந்தப் பெயர்.

மனைவி பெயரைப் புனைபெயராக்கி எழுதுவது நம் ஆண்களிடம் உள்ள வழக்கம். போதாக்குறைக்கு, துபாயில் தபால் வீட்டுக்கு வராது, கம்பெனியின் போஸ்ட் பாக்ஸுக்குத்தான் வரும். பத்திரிகை வந்த உறையைக் கல்யாணசுந்தரம் ஆபீஸில் வைத்துப் பிரித்தார். அவ்வளவுதான், ஷியாமளா என்பது அவரேதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கேம்ப் விஷயம் பொம்பளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். வெள்ளிக்கிழமைதோறும் அழகுமலை என்ற தொழிலாளிக்கு ஊர்க்கடிதத்தைப் படித்துச் சொன்னவளே அவள்தான்! கல்யாணசுந்தரம் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் செயலாளர் சேதுராமன் மைக்கைப் பிடித்து, “நம்ம எழுத்தாளர் ஷியாமளா, அதாவது கல்யாணசுந்தரம் சார், மேடைக்கு வரணும்!” என்றார். மனிதர் எழுந்து போய்ப் பச்சைப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா சேதுராமன்? கீழே இறங்கி வந்து ஷியாமளாவிடமே, “கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. சார் உங்க பேரையே வச்சிருக்காரே!” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையை அழுத்திவிட்டாள்.

வீட்டில் அவள் கேட்டதற்குக் கணவர், “அத்தனை பேர் முன்னாடி எப்படி இல்லேன்னு சொல்றது? யார் வாங்கினா என்ன?” என்றாராம்.

மறுநாள் அவள் என்னிடம் சொன்னாள்: “இங்கிலீஷ்ல பெரிய பேர் எடுத்த பெண்கள்ல சிலர் ஆரம்பத்துல ஆம்பளப் பேர்லதான் எழுதினாங்க சுசீலா. அப்பத்தான் மதிப்பாங்கன்னு. ஏதோ பழைய காலத்துக் கதைன்னுதான் கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தேன். இப்ப நானும் ஒரு ஆம்பளப் பேர் வச்சுக்கப் போறேன்.”

அடுத்த கதையைக் ‘கல்யாணசுந்தரம்’ என்ற பெயரில் அனுப்பினாள். மனைவி எழுதிய கதைக்குக் கூசாமல் பொன்னாடை வாங்கிய ஒரு இன்ஜினியர், தானே சொல்வது போன்ற கதை. பொன்னாடையின் பச்சை நிறத்தைக்கூட அவள் மாற்றவில்லை.

பத்திரிகை துபாய்க்கு வந்த வாரமே சேதுராமன் கல்யாணசுந்தரத்தைப் பிடித்துக்கொண்டார். “என்ன சார், எங்களை முட்டாளாக்கிட்டு, அதையே கதையா வேற எழுதிட்டீங்க?”

அன்று தொடங்கியது கல்யாணசுந்தரத்தின் ஊர்வலம். சங்கத்துக் குடும்பங்கள் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் எங்கள் வீட்டு வாசலிலும் வியர்க்க வியர்க்க வந்து நின்றார்.

“சத்தியமா நான் எழுதலைங்க! இதையும் அவதான் எழுதினா, அந்தக் கேம்ப் கதையையும் அவதான் எழுதினா!”

எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது.

“சரியா காதுல விழலை,” என்றேன். “இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”