தாடையில் ஒரு திருகு

மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துவது அவர் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோய், காம்பு காதில் சரியாக உட்கார்கிறதா என்று பார்த்துப் பார்த்து வளைப்பார். கைராசிக்காரர் என்று பெயர். போன வருடம் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் தாடை உடைந்தது. எலும்பைச் சேர்த்து, உலோகத் தகடு வைத்துத் திருகினார்கள். ஆறியதும், முகம் லேசாகக் கோணியிருந்தாலும், பழையபடி கடைக்கு வந்துவிட்டார்.

கொஞ்ச நாளாக வாயில் ஒரு கசப்பு. வயிற்றுக் கோளாறு என்று சட்டை செய்யவில்லை. மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதுதான் உறுத்தியது. ஒருநாள் காலை, "மூஞ்சி கோணினதும் புருஷன் கசந்துட்டானா?" என்று கேட்டேவிட்டார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அன்று கடைக்கு வந்த டீச்சரம்மா, அவர் குனிந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பினார்.

"ஆடாம இருங்க டீச்சர், காம்பு கோணிடும்."

"தப்பா எடுத்துக்காதீங்க. வாடை வருது, வாயில எங்கயோ சீழ் வெச்சிருக்கு போல. டாக்டர்கிட்ட காட்டுங்க."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முதலாளி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். லென்ஸ் துடைக்கும் பெண் துடைத்ததையே துடைத்தாள். ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம்தான். காது மடல் வரை சுட்டது.

மறுநாள் டாக்டரிடம் போனபோது மனைவியும் கூட வந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு நல்லா கூடிடுச்சு. தொந்தரவு இல்லேன்னா தகட்டை அப்படியே விட்டுடுவோம். உங்களுக்கு ஒரு திருகு லூசாகி, அந்த இடத்துல சீழ் பிடிச்சிருக்கு. எடுத்துடறதுதான் நல்லது. நாத்தம் எவ்வளவு நாளா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மூணு மாசமா," என்றாள் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்ததும் கேட்டார்: "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"விழுந்ததுலேர்ந்து நாலு பேர் முன்னாடி சிரிக்கவே கூச்சப்படறீங்க. இதையும் சொன்னா இடிஞ்சு போயிடுவீங்கன்னு..."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தகட்டை எடுத்தார்கள். கன்னம் வீங்கிக் கிடந்தவருக்கு அவள் ஆறவைத்த பாலைக் கரண்டியால் ஊட்டினாள். முகத்துக்கு நேராக, மிக அருகில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு... நான் அப்படிக் கேட்டிருக்கக் கூ..."

"பேசாதீங்க. தையல் பிரிஞ்சிடும்."

மிச்சத்தைச் சொல்லாமல் தப்பித்தோம் என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.