இடது காலும் வெள்ளை அங்கியும்

"திரு. அருட்பிரகாசம், ஓய்வுபெற்ற ஆசிரியர். அமைதியான சுபாவம் உடையவர். பொழுதுபோக்கு: வாசிப்பு, தோட்டவேலை."

1992இல், அவர் பாதருக்கு அடுத்த படியான திருத்தொண்டராகப் பட்டம் பெற்ற ஞாயிறன்று, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கத்தோலிக்கக் கோயில் வாசலில் கொடுத்த அறிவித்தல் தாள் இப்படித்தான் சொன்னது.

அவர் ஓய்வு பெறவில்லை. மன்னாரில் அவர் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குள் இராணுவம் வந்து இருந்துகொண்டது, அவ்வளவுதான். தோட்டம் என்றால், மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. அதுவும் மனைவி டொலறஸுடையது. வாசிப்பு உண்டு, பேப்பரின் கடைசிப் பக்கத்தில், விளையாட்டுச் செய்தி முடியும்வரை. அமைதியைப் பற்றி மன்னாரில் உதைபந்தாட்ட நடுவராக இருந்த எவரையும் கேட்கலாம்.

தாள் சொல்லாமல் விட்டது அவருடைய இடது காலை. கோயில் பங்கின் பந்துக் கழகத்துக்காக மைதானத்தின் இடது ஓரத்தில் வெறுங்காலோடு ஓடிய கால் அது. பந்தடிக்குச் சம்பளம் கிடையாது. வென்றால் கோயில் முற்றத்தில் சோறு, தோற்றால் பாதரின் பிரசங்கம். டொலறஸ் அவரை முதலில் கண்டதும் அந்த ஓரத்தில்தான். பெரியவர்கள் பொருத்தம் பேச வந்தபோது அவள் பார்த்து முடித்துவிட்டிருந்தாள்.

லண்டனில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், ஞாயிறு பின்னேரம் பூங்காவில் பெடியளோடு பந்து. ஐம்பதை எட்டும் வயதில் வலது முழங்கால் பிசகிப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த பங்குப் பாதர், "நீங்கள் ஏன் திருத்தொண்டராகப் படிக்கக்கூடாது?" என்று கேட்டார். பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் கட்டினவருக்கும் தடையில்லை. அருட்பிரகாசம் படிக்கப் போனார். முழங்கால் தேறியதும் பூங்காவுக்கும் போனார்.

கல்யாணம் கட்டினவர் என்றால் மனைவி ஆயர் முன் சம்மதிக்க வேண்டும் என்பது திருச்சபையின் முறை. ஆயருக்கு ஓம் சொல்லுமுன் டொலறஸ் புருசனைப் பிடித்தாள்.

"பீடத்துக்கும் போவியள், பந்துக்கும் போவியள். திரும்பவும் முழங்கால் போனா ஆர் தூக்குறது? ரெண்டில ஒண்டு."

"இது என்ன நியாயம், டொலறஸ்?"

"யேசு கூப்பிட்டவுடன பேதுரு வலையை விட்டவர்தானே?"

"விட்டவர். அவற்ற மாமியாரைப் பற்றிக்கூட வேதத்தில எழுதிவைச்சிருக்கினம். அவற்ற மனுசி என்ன சொன்னவ எண்டு ஒருத்தரும் எழுதேல்லை."

"நான் சொல்லுறன், கேளுங்கோ."

இனிப் பந்தடிக்கமாட்டன் என்று அவர் சொன்னார். அவள் ஆயருக்கு ஓம் சொன்னாள்.

அதன்பிறகு அவர் குறைப்பட்டதேயில்லை. டொலறஸுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பிரசங்கத்தின் நடுவே, அங்கியின் ஓரத்தில், இடது கால் தன்பாட்டில் அசையும். முன்வாங்கிலிருந்து அவள் அதைப் பார்ப்பாள். அவள் பார்ப்பதை அவரும் பார்ப்பார். பூங்காவைச் சுற்றிப்போகும் பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

1994 ஆகஸ்டில் தமிழ்க் கழகங்களின் பந்தாட்டம். ஆசீர்வதிக்க அழைத்திருந்தார்கள். ஆசீர்வதித்துவிட்டு, வெள்ளை அங்கியோடே, டொலறஸ் மீன் ரோல்ஸ் விற்ற மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அது இடது ஓரம். எங்கே நிற்கிறார் என்று அவருக்குத் தெரியாது என்று சொல்ல நான் தயாரில்லை.

இரண்டாம் பாதியில் பந்து கோட்டைத் தாண்டி உருண்டு வந்து, அவருடைய இடது காலுக்கு முன்னால் நின்றது.

"சேர், ஒருக்கா அடியுங்கோ!" உள்ளேயிருந்து பெடியள் கத்தினார்கள். "சேருக்கு இனி ஏலாதடா!" என்று ஒருவன் சீண்டினான்.

அவர் டொலறஸைப் பார்த்தார். அவள் கையில் ரோல்ஸும் கண்ணில் நீரும்.

"அடியுங்கோப்பா. நான்தானே வேண்டாமெண்டனான், நானே சொல்லுறன்."

அங்கிக்குள் கால் பின்னுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ஒருக்கா அடிச்சனெண்டா, டொலறஸ்," என்றார் மெதுவாக, "இந்த உடுப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு இறங்கியிடுவன். பிறகு என்னை ஒருத்தராலும் வெளியில எடுக்க ஏலாது."

அருட்பிரகாசம் குனிந்து, பந்தைக் கையால் எடுத்து, ஒட்டியிருந்த புல்லைத் துடைத்து, கோட்டுக்கு வந்த ஆட்டக்காரனிடம் கொடுத்தார்.